600 கி.மீ. பிரெவே ஓட்டும் தம்பிக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: என் தம்பி தை மாதக் கடைசியில் 600 கி.மீ. சைக்கிள் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டப்போகிறான். சனிக்கிழமை காலை 6 மணிக்குத் திருச்சியில் கிளம்பி தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாக அதிராம்பட்டினம் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 40 மணி நேரம். நானும் என் கணவரும் காரில் பின்னாலேயே போய் அவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் காரைப் பற்றி. பின்னாலேயே போகக் கூடாது. பிரெவேக்கு விதி வகுத்திருப்பது பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். அதன்படி ஓட்டுபவர் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்களின் உதவி கண்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் மட்டுமே செல்லும். வழியில் காரை நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாலும் தகுதி நீக்கம் ஆகலாம். அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் 'ராம்' பந்தயத்தில் இரவு முழுக்க வண்டி பின்தொடர்வது கட்டாயம். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் பலர் இங்கேயும் அப்படியே செய்ய நினைக்கிறார்கள். அங்கே சாலை அகலம். கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் 18 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ஊர்ந்தால், பின்னால் வரும் பேருந்து அந்தக் காரையும் அதற்கு முன்னால் போகும் சைக்கிளையும் சேர்த்து ஒரே மூச்சில் ஏறி முந்தப் பார்க்கும். அடிபடுவது உங்கள் தம்பிதான்.

இந்தப் பாதையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. போகும்போது நாகை சுமார் 200 கி.மீ.; திரும்பும்போது அதே நாகை சுமார் 400 கி.மீ. அங்கே கண்ட்ரோல் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் நாகையிலோ வேளாங்கண்ணியிலோ ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். அலைச்சல் முழுக்க மிச்சம்.

நேரக் கணக்கு இப்படி வரும். கண்ட்ரோல் மூடும் நேரம் மணிக்கு 15 கி.மீ. கணக்கில் போடப்படும். 200-வது கி.மீ. கண்ட்ரோல் சனி இரவு 7.20-க்கு மூடும். 300 ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, 400 காலை 8.40-க்கு, கடைசி 600 இரவு 10 மணிக்கு. நிற்கும் நேரத்தையும் சேர்த்து அவர் மணிக்கு 17, 18 கி.மீ. போனால் சனி மாலை 5 மணிவாக்கில் நாகையில் இருப்பார். மறுபடி வருவது ஞாயிறு அதிகாலை 5 மணியை ஒட்டி. இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் தூங்கியே ஆக வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த மாதிரி ஓட்டங்களில் துணைக்குப் போகிறவர்களும் சேர்ந்து விழித்திருந்து, விடிகாலையில் ஸ்டியரிங்கில் கண் அசருகிறார்கள் என்பதுதான். ஓட்டுபவருக்கு மூளை மந்தமாகும் அந்த வேளையில் தெளிவோடு முடிவெடுக்க ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

மாலை 5 மணி நிறுத்தத்துக்கு 20 நிமிடம் போதும். வந்து இறங்கியதும் முதல் வேலை, கண்ட்ரோலைக் கடந்ததற்குச் சான்றான பிரெவே கார்டு: சீல், நேரம், கையெழுத்து. ஆள் இல்லாத கண்ட்ரோல் என்றால் ஏடிஎம் ரசீது போன்ற சான்று கேட்பார்கள். அதை அவரேதான் எடுக்க வேண்டும், நீங்கள் எடுத்து வைத்திருக்கக் கூடாது. பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட, நீங்கள் பாட்டிலை நிரப்புங்கள், செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், டயரில் விரலை ஓட்டிக் கண்ணாடித்தூள், முள் இருக்கிறதா பாருங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். "இட்லியா, தயிர்சாதமா?" என்பதே அந்த நேரத்தில் பெரிய பாரம். எதிரே வைத்துவிடுங்கள்.

உணவுக்கு அளவுகோல் மாவுச்சத்து. மணிக்கு 40 முதல் 60 கிராம் உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், ஓர் இட்லியில் சுமார் 10, 30 கிராம் கடலை மிட்டாயில் சுமார் 15. நாகைக்குத் தெற்கே இரவு 11 மணிக்கு மேல் கடை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆகவே 5 மணிக்கே அவர் பையில் கடலை மிட்டாய் 10 துண்டும் பேரீச்சம்பழம் 10-ம் ஏற்றி அனுப்புங்கள். திரும்பி வரும் ஆறு மணி நேரத்துக்கு அது ஆகும். பிரியாணி, பரோட்டா வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் வயிற்றிலேயே நிற்கும், இரவில் குமட்டும்.

தண்ணீர் வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் அதன் அடையாளங்கள். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட உப்புக்கரைசல் பொடி வாங்கி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கெடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அது மட்டும் போதாது. வலி மாத்திரை கேட்டால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். உடலில் நீர் குறைந்த நிலையில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உதிரிப் பாகங்களை அவரே சுமக்க வேண்டும். காரில் இருப்பது இரண்டாவது செட். டியூப் 3 வாங்குங்கள். டயர் அளவு மட்டும் பார்த்தால் போதாது, வால்வும் பொருந்த வேண்டும். ரோடு பைக்குகளில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். சிற்றூர் சைக்கிள் கடையில் அந்த டியூபும் கிடைக்காது, அதற்குக் காற்றடிக்கும் வாயும் இருக்காது. அறுந்த செயினை இணைக்க அதற்கு ஏற்ற குவிக் லிங்க் 2, அவருடைய பைக் மாடலுக்கான டெரெய்லர் ஹேங்கர் (பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று.

தை மாதம் சம்பா அறுவடை நேரம். இங்கே சாலையே களம். பகலில் நெல்லைக் காயப்போடும்போது வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் செங்கல்லும் கருங்கல்லும் வரிசையாக வைப்பார்கள். மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இரவில் சைக்கிள் லைட்டில் அது கடைசி நொடியில்தான் தெரியும். பரப்பிய நெல்லில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். வைக்கோல் பின்சக்கர கியரில் சுற்றிக்கொண்டால் ஹேங்கர் ஒடியும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர்கள் பலவற்றில் பின்விளக்கு இருக்காது. முந்தின நாள் மாலையில் நீங்கள் ஒருமுறை காரில் போய்ப் பார்த்து, எந்தெந்த ஊருக்கிடையே கல் கிடக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்த மாதத்தில் வாடைக்காற்று வீசும். அதிராம்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கிழக்கே, பிறகு நாகை வரை வடக்கே. அந்த இரவு 100 கி.மீ. முழுக்க எதிர்க்காற்றுதான். தாமதம் ஆவதானால் அங்கேதான் ஆகும், பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். நாகையிலிருந்து கிளம்பும்போது புதிதாகப் போட்டாலும் நள்ளிரவு தாண்டியதும் நின்றுவிடும். அதிராம்பட்டினம் திருப்பத்தில் மறுபடி போடச் சொல்லிவையுங்கள். புள்ளி நகரவில்லை என்றால் முக்கால் மணி நேரம் பொறுத்து ஒருமுறை அழையுங்கள், எடுக்காவிட்டால் அமைப்பாளருக்கு. விபத்து என்று தெரிந்தால் 108.

அதிகாலை 5 மணிக்கு வந்தால் கார்டு முடிந்ததும் குளியல், நன்றாகத் துடைத்து உலர்ந்த ஷார்ட்ஸ், வாஸ்லின். ஈரத் துணியோடு படுத்தால் உட்காருமிடம் புண்ணாகிவிடும். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் தூங்கவிட்டு நீங்களே எழுப்புங்கள். 7.30-க்குக் கிளம்பினாலும் மீதி 200 கி.மீ.க்குப் பதினான்கரை மணி நேரம் கையில் இருக்கும். ஆனால் எழுந்தபின் நாள், இடம் சொல்லத் தெரியாமல் விழித்தால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், பல மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அமைப்பாளருக்கு விலகலைச் சொல்லிவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நன்றாக முடித்து வந்தால் கார்டில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த பிறகு காரில் ஏற்றுங்கள். அன்றிரவு அவர் பைக்கோ ஸ்கூட்டரோ எடுக்கக் கூடாது. நீங்களும் களைத்திருந்தால் திருச்சியிலேயே தங்கி, காலையில் கும்பகோணத்துக்குக் கிளம்புங்கள்.