சொன்னால் கேட்க ஆள் வேண்டாமா? – கடிதம்

வணக்கம் சார்,

எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். பாலியல் ரீதியாகத் தவறாக நடப்பவர்களை அடையாளம் காணவும் உதவி கேட்கவும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயந்துவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? செல்போன் பற்றியும் பேசலாமா?

மா.

அன்புள்ள மா.,

பயந்துவிடுவார்கள் என்பதை விடுங்கள். ரோட்டைக் கடக்கச் சொல்லித்தரும்போது யாரும் அப்படித் தயங்குவதில்லை. செல்போன் பற்றிக் கட்டாயம் பேசுங்கள்.

கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு. இந்த வகுப்புகளெல்லாம் 'நம்பிக்கையான பெரியவரிடம் சொல்' என்று முடிகின்றன. சரி, அந்தப் பெரியவருக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்?

என்னோடு படித்த ஒருவன் டியூஷன் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னான். சோம்பேறி என்றார்கள். அப்புறம் ஒருநாள், 'அந்த சார் மேல ஒரு மாதிரி வாடை அடிக்குது' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துப்போய் விட்டதோடு, அந்த சாரிடம் மன்னிப்பும் கேட்க வைத்தார். அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை, பெரியவனாகி என்னிடம் சொல்லும்வரை. 'ஏன்டா அப்பவே சொல்லல' என்று இன்றும் அவனைக் கேட்கிறார்கள். இரண்டு தடவை சொல்லியிருக்கிறானே!

பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். சின்னதாக ஒன்றைப் போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். 1983இல் ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைத்தான் எழுதினார்: ரகசியம் காப்பார்கள், வேறு வழியில்லாமல் ஒத்துப்போவார்கள், தாமதமாகச் சொல்வார்கள், கடைசியில் சொன்னதையே இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். அந்த 'இல்லை'யைக் கேட்டதும் வீட்டுக்கே நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தவறாக நடக்கிற ஆள் வழக்கமாகத் தெரிந்தவர்தான். முதலில் பரிசு, பிறகு 'நமக்குள்ள இருக்கட்டும்' என்று ஒரு சின்ன ரகசியம். உடம்பு உறைந்துபோய்க் கத்த முடியாத பிள்ளையிடம் 'கத்து, ஓடு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், கத்தாதது தன் தப்பு என்று அது நினைக்காதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை உங்கள் மேசை பக்கத்தில் பைக்கட்டின் வாரைத் திருகிக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நம்புகிறேன், உன் தப்பில்லை என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நீங்களே விசாரிக்கவே கூடாது. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிவைத்து, இதைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவரிடம் அன்றைக்கே போங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? ஆசிரியர்கள் அறையிலிருந்து. தயங்குகிற அந்த சகாக்களை முதல் வரிசையில் உட்காரவையுங்கள். பிள்ளைகளின் வகுப்பு அதற்கு அடுத்த வாரம் இருக்கட்டும்.