நேரோபோட் வாங்கும் முன்: சமையலறை அப்புறம், அடித்தகடு முதலில்

இங்கிலாந்தில் மில்டன் கீன்சில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகரின் கேள்வி: "கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுங்கிய, நீளமான இரும்புப் படகு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1994-ல் கட்டியது. புதுப் பெயின்ட், புதுச் சமையலறை. 45,000 பவுண்டு கேட்கிறார்கள், படகின் நிலையைச் சோதித்து எழுதிய, மூன்று வருடத்துக்கு முந்தைய சர்வே அறிக்கையும் தருகிறார்கள். நானும் மனைவியும் அதிலேயே குடியிருக்கலாம் என்று ஆசை. படகை நிறுத்த இடம் இன்னும் பார்க்கவில்லை, வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் இல்லையா? பராமரிப்பு எவ்வளவு சிரமம்? எங்கள் இருவருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை."

முதலில் அந்த "வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே ஆபத்தான வாக்கியம் அதுதான். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 2,000 மைல், 2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களிடம் உரிமம் எடுக்க மூன்று விஷயம் வேண்டும்: படகுப் பாதுகாப்புச் சான்று, காப்பீடு, அப்புறம் ஒரு நிரந்தர நிறுத்துமிடம். நிறுத்துமிடம் இல்லையென்றால், தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பேன் என்று அறிவிக்க வேண்டும். 1995-ம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட படகு ஓர் இடத்தில் தொடர்ச்சியாக 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. 14 நாள் முடிந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த 14 நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லாது. படகு உண்மையாகவே பயணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எங்கே எப்போது நின்றது என்று படகின் எண்ணைக் குறித்துக்கொண்டே போவார்கள், திருப்தி இல்லையென்றால் உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பார்கள். இப்படி நகர்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து உரிமக் கட்டணத்தின் மேல் கூடுதல் தொகையும் உண்டு.

உங்களில் ஒருவர் தினமும் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவர் என்றால் இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மரினாவில், அதாவது படகுகளை நிறுத்தும் துறையில், இடம் பிடிக்கலாம் என்றால், அங்கே பெரும்பாலான இடங்கள் பொழுதுபோக்குக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், குடியிருக்க அனுமதியுள்ள இடங்கள் குறைவு, விலையும் கூட. இப்போது அந்தப் படகு நிற்கும் இடம் படகோடு சேர்ந்து உங்களுக்கு வரும் என்றும் நம்ப வேண்டாம், பெரும்பாலும் வராது. மரினா நிர்வாகத்திடமே எழுத்தில் கேளுங்கள். முகவரியும் ஒரு பிரச்சினைதான். மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை, ஆனால் வங்கியும் வேலை கொடுப்பவரும் கேட்பார்கள். வேலை விசாவில் இருப்பவர் என்றால், ஸ்பான்சர் நிறுவனம் உங்கள் முகவரியைச் சரியாக வைத்திருக்க வேண்டிய கடமை உள்ளது, அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

சரி, படகுக்கு வருவோம். விற்பவர்கள் எல்லோரும் முதலில் காட்டுவது சமையலறையையும் சோபாவையும்தான். அவற்றை மாற்றச் சில ஆயிரம் பவுண்டு போதும். நீங்கள் விலை கொடுப்பது தண்ணீருக்கு அடியில் இருக்கும் இரும்புக்கு. அது சரியில்லையென்றால் மேலே உள்ள எதற்கும் மதிப்பில்லை. வழக்கமான கட்டுமானத்தில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேல் கேபின் 4 இருக்கும். பழைய படகுகளில் அடித்தகடே 6 மில்லிமீட்டராக இருப்பதும் உண்டு. எனவே கட்டும்போது என்ன தடிமன் போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் பல வருடம் நின்ற தகடு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. அங்கங்கே சின்னச் சின்னக் குழியாக அரித்துக்கொண்டு போகும், அதுவும் நீர்மட்டக் கோட்டை ஒட்டித்தான் அதிகம்.

சர்வேயர் செய்வதை நேரில் போய்ப் பாருங்கள், விடுப்பு எடுத்தாவது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, பாசியைக் கழுவியதும், அவர் தார்ப்பூச்சில் நாணய அளவுக்கு ஓர் இடத்தைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்வார், அதன் மேல் கொஞ்சம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் முனையை வைப்பார், திரையில் 5.4 என்றோ 5.1 என்றோ வரும். அப்படியே ஓரடி, இரண்டடி தள்ளித் தள்ளி முன்னிருந்து பின் வரை போவார். நடுநடுவே சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பார். 6 மில்லிமீட்டர் தகட்டில் முப்பது வருடத்துக்குப் பிறகு 5.3 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே தகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தால் அங்கே மிஞ்சுவது மூன்றரைதான், காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது குறைந்தது 4. குழிகள் நாலைந்து என்றால் வெல்டிங் வைத்து நிரப்பிவிடலாம். வரிசையாக இருந்தால் மேலே புதுத் தகடு அடிக்க வேண்டிவரும். அது பல ஆயிரம் பவுண்டு வேலை. அந்த எடையில் படகு தண்ணீரில் இன்னும் தாழும், வடிகால் துளைகளும் காற்றுத் துளைகளும் நீர்மட்டத்துக்குக் கிட்டே வந்துவிடும். ஏற்கெனவே தகடு அடித்த படகு என்றால் சர்வேயரிடம் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

அந்த மூன்று வருடத்துப் பழைய அறிக்கை உங்களுக்கு உதவாது. சர்வேயர் பொறுப்பேற்பது தனக்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டும். அறிக்கையில் தவறு இருந்தால் நீங்கள் அவரைக் கேட்க முடியாது. போதாததற்கு மூன்று வருடத்தில் நிறைய நடக்கும்: மரினாவில் கரை மின்சாரத்தில் இணைத்தே நின்ற படகில், இடையில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவி இல்லையென்றால், பக்கத்துப் படகுகளோடு மின்சுற்று ஏற்பட்டு உங்கள் இரும்பு கரையத் தொடங்கும். எனவே நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே பணம் கொடுத்து ஒரு சர்வேயரை வையுங்கள், விற்பவரோ தரகரோ சொல்பவர் வேண்டாம். விற்பதற்குச் சற்று முன்தான் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்தார்கள் என்று தெரிந்தால் இன்னும் கவனம், புதுப்பூச்சுக்கு அடியில் குழிகள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றைக் காட்டி, "எல்லாம் பாஸ் ஆகிவிட்டது" என்பார்கள். அந்தச் சோதனை எரிவாயு, மின்சாரம், எரிபொருள், தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கானது. அடித்தகட்டின் தடிமனை அதில் யாரும் அளப்பதில்லை.

பார்க்கப் போகும்போது நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நேரோபோட் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து மிதக்கும், உள்ளே எங்கே தண்ணீர் கசிந்தாலும் கேபினின் பின்கோடியில் வந்து தேங்கும். அங்கே படிக்கட்டுப் பக்கம் தரையில் ஒரு சின்னப் பலகை மூடி இருக்கும். திறக்கச் சொல்லி, கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் நல்லது. ஈரம் இருந்தால் குழாயோ ஜன்னலோ குளியலறையோ ஒழுகுகிறது, எவ்வளவு நாளாக என்பது யாருக்கும் தெரியாது. மூடியே இல்லாமல் தரையை முழுக்க ஒட்டிவிட்டிருந்தால், அந்த இரும்பை உள்பக்கமிருந்து வருடக்கணக்கில் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உரிமையாளர் யார் என்பதையும் விசாரியுங்கள். கால்வாய்ப் படகுகளுக்கு நிலப்பதிவு மாதிரி மையப் பதிவேடு எதுவும் கிடையாது, உரிமம் ஒருவர் பெயரில் இருப்பது உடைமைக்குச் சான்று ஆகாது. முந்தைய விற்பனைப் பத்திரங்களைக் கேளுங்கள், கடன் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். வழக்கமான வீட்டுக் கடன் இதற்குக் கிடைக்காது.

நீளத்தைப் பொறுத்தவரை நல்ல படகைத்தான் பார்த்திருக்கிறீர்கள். 1766-ல் தொடங்கிய டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி லாக்குகளை (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டிகளை) ஏழடி அகலத்தில் கட்டினார், அதனால்தான் இந்தப் படகுகள் இன்றும் ஆறடி பத்து அங்குல அகலத்தில் நிற்கின்றன. வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் சில லாக்குகள் நீளம் குறைந்தவை. 57 அடி என்றால் ஏறக்குறைய எல்லாக் கால்வாய்க்கும் போகலாம். இடம் தாராளமாக இருக்கிறதே என்று அகலப் படகுக்கு மனம் மாறினால், மிட்லண்ட்ஸ் பகுதியின் குறுகலான கால்வாய்கள் உங்களுக்கு மூடிவிடும்.

பராமரிப்பில் சிரமத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். தார்ப்பூச்சு என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி மறுபடி பூச வேண்டும், எபாக்சி பூச்சு அதைவிட நீடிக்கும், செலவும் கூட. அதே சமயம் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் அனோடு கட்டிகளையும் பாருங்கள். நன்னீருக்கு மெக்னீசியம்தான், அதன் மேல் பெயின்ட் படக் கூடாது. டீசல் எஞ்சினுக்கு 250 மணி நேரத்துக்குள் ஆயில் மாற்றுங்கள். குளிர்காலத்தில் டீசல் தொட்டியை நிறைத்தே வையுங்கள், காலி இடத்தில் ஈரம் படிந்து, தண்ணீரில் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கும்.

புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் ஓர் அடைப்பு உண்டு. ஓட்டி முடித்த ஒவ்வொரு நாளும் கிரீஸ் திருகை, இறுகும் வரை ஒரு சுற்று திருகிவிடுங்கள். சொட்டு நின்றதா என்று குனிந்து பார்த்துவிட்டு மேலே வாருங்கள். புரொப்பெல்லரில் பையோ சேலைத்துணியோ சுற்றிக்கொண்டால் (நகரப் பகுதிகளில் நிறையச் சுற்றும்) எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் அறையில் உள்ள மூடியைத் திறந்து கைவிட்டு அறுத்தெடுக்க வேண்டும். அந்த மூடியைத் திரும்ப இறுக்காமல் எஞ்சினைக் கிளப்பினால் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேராக உள்ளே வரும். படகுகள் இப்படி மூழ்கியிருக்கின்றன.

மின்சாரம்தான் புதிதாக வருபவர்களைத் திணறடிப்பது. 110 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி நான்கு இருந்தால் 440 என்று கணக்குப் போடாதீர்கள். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், எனவே கையில் இருப்பது 220தான். ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளைக்கு 40 அளவில் எடுக்கும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், 750 வாட் மிக்சியை இன்வெர்ட்டரில் ஐந்து நிமிடம் ஓட்டினால் ஆறு ஏழு ஆம்பியர்-மணி, அது தாங்கும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 25 வரை குடித்துவிடும், சோற்றைக் கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கரில் வையுங்கள். டிசம்பரில் சூரியத் தகடு பேருக்குத்தான், எஞ்சினை ஓட்டித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது.

நம் சமையலில் ஆவி அதிகம். இரும்புச் சுவரில் அது தண்ணீராக வழிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சையாகும். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளில் துணி அடைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விறகு அடுப்பு இரவெல்லாம் புகைந்துகொண்டிருக்கும் அந்தச் சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் கொல்லும். அபாய ஒலிக்கருவி 2019 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனையிலேயே கட்டாயம். படகுக்கு ஏற்றதென்று 50291-2 தர எண் போட்டதை வாங்கி, படுக்கைப் பக்கமும் ஒன்று மாட்டுங்கள், வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

ஓட்டப் பழகுவது கடினமில்லை. சொந்தப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, ஆனால் ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்டிகள் சங்கத்தின் உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி ஒன்று இருக்கிறது, இருவருமே சேருங்கள். உச்ச வேகமே மணிக்கு 4 மைல், நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதிக்குக் கீழே. லாக்கில் இறங்கும்போது மட்டும் கண் அசரக் கூடாது. மேல் கதவை ஒட்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கல்திட்டில் படகின் பின்முனை மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கீழே சாய்ந்து சில நிமிடத்தில் படகே போய்விடும். கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், பின்முனை அதற்கு முன்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். மாட்டிவிட்டது என்று தெரிந்தால் முதலில் தண்ணீரை வெளியே விடும் கீழ்க்கதவின் அடைப்புகளை மூட வேண்டும், படகில் இருப்பவர் கத்தினால் உடனே மூட ஒருவர் அவற்றைத் திருப்பும் கைப்பிடியோடு மேலே நிற்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் இதே அளவுப் படகை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், நவம்பரிலோ மார்ச்சிலோ, வெயில் நாளில் வேண்டாம். கழிவறைப் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிக் கழுவுங்கள், தண்ணீர் நிரப்புங்கள், மழையில் லாக் திறங்கள். அதற்குப் பிறகும் இருவருக்கும் வேண்டும் என்று தோன்றினால் விலை பேசுங்கள். முன்பணம் கொடுக்கும்போது "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். சர்வேயரை அழைப்பதற்கு முன்னாலேயே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள். முப்பது வருடத்துப் படகு என்பதால் முழுக் காப்பீட்டுக்கு என்ன மாதிரி அறிக்கை வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும் என்று சொல்வார்கள், அதை அப்படியே சர்வேயரிடம் கொடுத்துவிடலாம்.