கிருமி இருந்தால் புற்றுநோய்தானா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 44. தோட்டத்தில் இருந்த வரை எந்தப் பரிசோதனைக்கும் போனதில்லை. இப்போது கிளினிக்கில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு நானே மாதிரி எடுத்துக் கொடுத்ததில் எச்பிவி என்ற கிருமியின் 16ஆம் வகை இருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கிருமி மரபணுவையே மாற்றிவிடும் என்கிறாள் தங்கை. என் மகளுக்கும் வருமா? வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, கிருமி இருக்கிறது என்பது மட்டுமே இப்போது தெரிந்திருக்கிறது. புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை. எச்பிவி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும்.

தங்கை சொன்னது பாதி சரி. நம் செல்லில் பி53 என்ற புரதம் காவல் இருக்கிறது. மரபணு சேதமானால் செல்லைப் பெருக விடாது. சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாக வைக்கும். ஆர்பி என்ற இன்னொரு புரதம், செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்தக் கிருமி பெருக நம் செல் ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். அதற்காக அதன் ஈ7 புரதம் ஆர்பியைப் பற்றிக்கொள்ள, ஈ2எஃப் விடுபட்டு மரபணுக்களை முடுக்குகிறது. ஈ6 புரதமோ, செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டிடமே பி53ஐக் காட்டிக்கொடுத்து அழிக்கிறது. ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கி வைப்பது கிருமியின் இன்னொரு புரதமான ஈ2. சில செல்களில் கிருமியின் மரபணு நம் மரபணு இழைக்குள் செருகிக்கொள்ளும்போது ஈ2 பெரும்பாலும் உடைந்துபோகும். அப்புறம் அடக்க ஆளில்லை, சேதமான செல்லும் பெருகத் தொடங்கலாம்.

ஆனாலும் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். உங்களுக்குத் தொற்று எப்போது வந்தது என்று தெரியாததால்தான் அந்தத் தேதி முக்கியம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காடு எச்பிவியின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது. ஆஸ்பத்திரியில் கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சோதனைக்குச் சிறு சதைத் துணுக்கு எடுப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் புற்றுநோய் ஆவதற்கு முன்பே அகற்றிவிடலாம். மகள் பரீட்சை, தீபாவளி என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் தேதி வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மாற்றம் கருப்பை வாயின் செல்களில் நடப்பது, கருமுட்டையில் அல்ல. மகளுக்கு மரபாகப் போகாது. 2010 முதல் மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அவள் போட்டுக்கொண்டாளா என்று பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் உள்ளதை அப்படியே சொல்லுங்கள்: உறவில் பரவும் மிகச் சாதாரணமான கிருமி, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும், யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் காட்டாது. அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் விளக்குவதை அவரும் நேரில் கேட்கட்டும்.