மரத்தில் காயம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நானும் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்காரிதான். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது தாமான் என்கிற குடியிருப்பில் இருக்கிறேன். போன மாதம் ஈப்போவில் இரண்டு நாள் தன்னூக்க முகாமுக்குப் போயிருந்தேன். நேற்றை விடு, நல்லதையே நினை, நல்லதே நடக்கும் என்றார்கள். கேட்கும்போது அழுகை வந்தது. மூன்று நாள் நன்றாக இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் நேரடி விற்பனை செய்தேன். என் பேச்சை நம்பிச் சின்னம்மா தன் சேமநிதிப் பணத்தில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டார். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. நான் ஏமாற்றவில்லை ஐயா, நானும்தான் போட்டேன். என் மனசாட்சி சுத்தம். ஆனால் இரண்டு தீபாவளியாக அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேர்மறையாகச் சிந்திக்க என்ன புத்தகம் படிக்கலாம்? நிறைவாக வாழ நல்லெண்ணம் போதுமா, மனசாட்சியும் வேண்டுமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

புத்தகம் ஒன்றும் வேண்டாம். முகாமில் குறிப்பேடு கொடுத்திருந்தால் அதில் மளிகைக் கணக்கு எழுதுங்கள், தாள் நன்றாகத்தான் இருக்கும். நல்லெண்ணமா மனசாட்சியா என்பது பட்டிமன்றத்துக்கு ஆகும். நடுவர் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு மாலையோடு காரில் ஏறிப் போவார்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கடிதம் வந்த வாரம், பேத்தியின் பள்ளிக் கண்காட்சிக்குப் பழைய தோட்டச் சாமான் வேண்டும் என்று கேட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் எடுக்க அம்மா வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியைத் தேடி எடுத்தேன். வாய் துருவேறிப்போய்விட்டது. பிடியில் அம்மா சுற்றிய சேலைக் கிழிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

'என் மனசாட்சி சுத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியே 'ஆனால்' என்று தொடங்குகிறது. கவனித்தீர்களா? இந்த ஊரில் அந்த வசனத்தை நான் அதிகம் கேட்டது கோயில் கமிட்டிக் கூட்டங்களில். கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டால் ஒருவர் எழுந்து நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், நெஞ்சைத் தொட்டவர் யாரும் புத்தகத்தைக் கொண்டுவந்ததில்லை. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று தெரியும். அந்த ரகம் என்றால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், தீபாவளிக்குச் சின்னம்மா வீட்டில் போய் நன்றாகச் சாப்பிட்டிருப்பீர்கள்.

1974-ல் எனக்கு 11 வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குப் பாலெடுக்க உதவப் போவேன். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கு ஊற்றி, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் மாட்டி, பால் நிறுக்கும் கொட்டகைக்குத் தூக்கிவர வேண்டும். ஒருநாள் பால் குறைவு. அம்மா பார்க்காத நேரம் அல்லூர் என்கிற வாய்க்காலில் இறங்கி அரை வாளித் தண்ணீர் மொண்டு கலந்துவிட்டேன். எடை ராத்தல் கணக்கில் கூடும், அம்மா சந்தோஷப்படும் என்ற நல்லெண்ணம்தான். உங்கள் முகாமில் சொன்ன அத்தனை நேர்மறையும் அன்றைக்கு என்னிடம் இருந்தது.

கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி எடை போட்டுவிட்டுக் கொஞ்சம் பாலை எடுத்து, பாலின் திடம் காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. தண்ணீர் கலந்தால் அது மிதக்கும் மட்டம் மாறிவிடும். நூறு ராத்தல் பாலில் முப்பது, முப்பத்தைந்து ராத்தல்தான் காய்ந்த ரப்பர். கூலி அதற்குத்தான். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தது. பிறகு, "மங்குல மழத்தண்ணி நின்னிருக்கும்யா, பாக்காம ஊத்திட்டேன்" என்றது. நாலு நாளாக மழை இல்லை. அன்றைய கூலியில் பாதி போயிற்று.

அம்மா சொன்னது பச்சைப் பொய். அதற்காக அது ஒரு நாளும் வருந்தியதாக எனக்குத் தெரியாது. இதை மனசாட்சிக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. மறுநாள் விடியுமுன் எழுப்பி, பெயர் கூப்பிடும் பிரட்டு முடிந்ததும் மர நிரைக்குக் கூட்டிப்போய், சாய்க்கப்போகிற ஒரு கிழட்டு மரத்தின் முன் நிறுத்தி, கத்தியைக் கையில் கொடுத்தது. வெட்டு என்றது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்களுக்குச் சலிப்புத் தட்டினாலும் பரவாயில்லை. பட்டையில் பால் அதிகம் இருப்பது உள்ளே, கட்டையை ஒட்டிய பகுதியில். ஆனால் கத்தி கட்டையைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு மில்லிமீட்டரோ கொஞ்சம் அதிகமாகவோ பட்டை விட வேண்டும். மேலோடு சீவினால் பால் குறையும். ஆழம் போனால் அன்றைக்குப் பால் கூடும், மரத்தில் காயம் விழும். பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வெட்டின் விளிம்பில் மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே போனால் மரம் சாகாது என்று சிங்கப்பூர் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி 1890களில் காட்டினார். மலாயாவின் செல்வமெல்லாம் அந்தச் சீவலில் நின்றது என்பேன். வெள்ளீயத்தை விட்டுவிட்டாயே என்று ஈயச் சுரங்கம் இருந்த கிந்தாப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

தண்ணீரை மெட்ரோலாக் பிடித்துவிடும். காயம் அப்படி இல்லை. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஐந்நூறு மரம். கங்காணி வந்து எத்தனை மரத்தைத்தான் பார்ப்பார்? ஆழமாக வெட்டினால் இந்த மாதம் சம்பளம் கூடும். ஒரு பக்கத்துப் பட்டை முடிய ஐந்தாறு வருஷம், மறுபக்கமும் முடிந்து புதுப்பட்டைக்குத் திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்போதுதான் தெரியும், காயம் பட்ட இடமெல்லாம் முண்டு முண்டாகப் புடைத்து, கத்தி ஓடாமல். அதற்குள் வெட்டியவள் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பாள். இல்லையென்றால் செத்திருப்பாள்.

நான் வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டை தெரிந்தது. பால் குபுகுபுவென்று வந்தது. "பாத்தியா, நெறய வருது" என்றது அம்மா. அவ்வளவுதான் பாடம்.

ஆகவே தங்கச்சி, மனசாட்சி ராத்திரி தூக்கம் வருவதில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். காயம் போட்டவர்கள் நன்றாகத் தூங்குவதைப் தோட்டத்தில் பக்கத்து லய வீட்டில் குறட்டைச் சத்தமாகவே கேட்டிருக்கிறேன்.

நல்லெண்ணத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். ஜனங்கள் லயத்தை விட்டு நடுத்தெருவுக்கு வந்தார்கள். அமைச்சராக இருந்த நம் ஊர் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. என் பாட்டி போட்டது. தோட்டங்களும் வாங்கப்பட்டன. பாட்டி எந்த முகாமுக்கும் போனதில்லை, எழுத்தும் தெரியாது. ஆனால் பிஸ்கட் டின்னில் எத்தனை ரசீது இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். உங்கள் சின்னம்மாவிடம் உங்கள் பேச்சைத் தவிர வேறு என்ன ரசீது இருந்தது?

நீங்களும் பணம் போட்டீர்கள், ஏமாற்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். நானும் அன்றைக்கு யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, கூலி போனது அம்மாவுக்கு. மாதம் ஐம்பது வெள்ளி கொண்டுபோய்க் கொடுங்கள், ஐந்து வருஷத்தில் முடியும். வாங்க மாட்டார், திட்டுவார். அந்தத் திட்டுக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள், பணத்துக்கு இல்லை. வாங்கிக்கொண்டு வாருங்கள். தீபாவளி வரை காத்திருக்காதீர்கள்.

கத்தியைப் பற்றி இன்னும் ஒன்று. 1986-ல் அந்தத் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிப்போனேன். பழைய நிரையில் மரத்துக்கு மரம் பட்டையைத் தடவிக்கொண்டே நடந்தது. முண்டு தட்டுப்பட்ட இடத்தில், "இது மேட்டு லயத்துக்காரி, எனக்கு ஒடம்புக்கு முடியாதப்ப வந்து வெட்டினவ, அவளுக்குக் கை பாரம்" என்று சிரித்தது. கொஞ்சதூரம் போய் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முண்டு.

"இது நாந்தான்" என்றது. "அன்னைக்கு உனக்கு அம்ம போட்டிருந்துச்சு. சீக்கிரம் போகணும்னு அவசரத்துல வெட்டிட்டேன்."

எனக்கு அம்மை போட்டது 1971-ல்.