எஃப்6 குதிரை அங்கேயே நிற்கட்டும்

கேள்வி: செஸ்ஸில் கருப்புக் காய்களுடன் இரு குதிரைத் தற்காப்பு (குதிரைகளை சி6, எஃப்6 கட்டங்களுக்குக் கொண்டுவரும் தொடக்கம்) ஆடுகிறேன். எதிராளி எஃப்7இல் (எஃப் வரிசையின் ஏழாவது கட்டம்) குதிரையைப் பலிகொடுத்து, என் ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துவிடுகிறார். தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றுவிட்டேன். இந்தத் தொடக்கத்தைக் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் தவறு ஒரே ஒரு நகர்வுதான். ‘ஃப்ரைடு லிவர்’ எனப்படும் இந்தத் தாக்குதல் சுமார் 400 ஆண்டுகளாக ஆட்களை வீழ்த்திவருகிறது.

நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. அதுவும் சி4 பிஷப்பும் சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கின்றன. நீங்கள் டி5 ஆடி, அதாவது சிப்பாயை அந்தக் கட்டத்துக்கு நகர்த்தி, பிஷப்பின் வழியை மறிக்கிறீர்கள். வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. இதுவரை எல்லாம் சரி. அடுத்து எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுகிறீர்களே, அங்கேதான் வினை. ராஜா எஃப்7க்கு வர நேர்ந்தால், எஃப் வரிசையில் அதற்கு இருக்கும் ஒரே மறைப்பு அந்தக் குதிரைதான். அது விலகியதும் வெள்ளை எஃப்7இல் பலிகொடுத்து, ராணியை எஃப்3இல் வைத்து செக் சொல்கிறது. அதே ராணி டி5 குதிரையையும் தாக்குகிறது.

ஆகவே ஐந்தாவது நகர்வில் மற்ற குதிரையை ஏ5க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குங்கள். ஓரத்துக் குதிரை உதவாது என்று நமக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். இங்கே அதை மறந்துவிடலாம். பிஷப் பி5இல் செக் வைக்கும். சி6 ஆடுங்கள், வெள்ளை வெட்டும், பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். இப்போது உங்களுக்கு ஒரு சிப்பாய் குறைவு. அதை உடனே மீட்கத் துடிக்காதீர்கள். பிஷப் ஈ2க்குப் பின்வாங்கினால் எச்6 ஆடிக் குதிரையை விரட்டுங்கள். அது எஃப்3க்குத் திரும்பியதும் ஈ4 ஆடி மறுபடியும் விரட்டுங்கள். வெள்ளை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் காய்கள் களமிறங்கிவிடும். அந்தச் சிப்பாய்க்கு இது நல்ல விலை. வெள்ளை பிஷப்பை நகர்த்தாமல் ராணியை எஃப்3க்குக் கொண்டுவந்தால், யானையை பி8இல் வையுங்கள்.

பழக்கத்தில் கை தவறி மறுபடியும் பொறியில் விழுந்துவிட்டால்? ராணியின் செக்குக்கு ராஜாவைத் துணிந்து ஈ6க்கு நகர்த்துங்கள். பின்வாங்கினால் டி5 குதிரை போய்விடும். வெள்ளையின் இன்னொரு குதிரை சி3க்கு வரும்போது சி6 குதிரையை பி4க்கு அனுப்புங்கள். அது டி5ஐக் காக்கும். சி2இல் செக் வைத்து யானையைப் பிடிக்கவும் மிரட்டும். ஆட்டம் வெள்ளைக்கே சாதகம், ஆனாலும் வெல்ல அவரும் சரியாக ஆடியாக வேண்டும்.

இந்தக் கலவரமே வேண்டாம் என்றால், மூன்றாவது நகர்வில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5க்குக் கொண்டுவாருங்கள். அப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்தால் உங்கள் ராணி அதைச் சும்மா வெட்டிவிடும்.