எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறி இறங்கவும் சாலையைக் கடக்கவும் எப்படிச் சொல்லித்தருவது?

கேட்டவருக்கு இது முதல் பிள்ளையாகத்தான் இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும், பிள்ளைக்கு மூன்றரையோ நாலோ வயது, பஸ் தெருவுக்குள் வராது, மெயின் ரோட்டில் நின்று ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பயத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்.

நான் டிரைவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெளியூர் ஓட்டம் வேண்டாம் என்று கோயம்புத்தூர்-பொள்ளாச்சி சாலையில் ஒரு தனியார் பள்ளியின் பஸ்ஸுக்கு வந்தவன். குழந்தை மனோதத்துவம் படித்ததில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

"டிரைவர் தன் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறார்" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்து ஓட்டுவது என் வேலை. கையைப் பிடித்து இறக்குவது ஆயாம்மா வேலை. வண்டியை ஒழுங்காக வைத்திருப்பது பள்ளியின் வேலை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடும் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது, அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் கேமரா, சென்சார் எல்லாம் கட்டாயமாயின. அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாடம் எடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதான் பிள்ளைக்குப் பாடம்.

அப்புறம், நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது என்றால் தனியாகக் கடக்கப் பழக்குவது இல்லை. வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்க அந்த வயதில் வராது. ஒன்பது, பத்து வயதிலேயே தடுமாறுகிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒரே மாதிரி செய்யவைத்தால் பழக்கம் படியும், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் கே.ஜி. பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் கிளாஸில் ஒரு வீடியோ போட்டார்கள். மஞ்சள் பஸ் நிற்கும், சிவப்பு விளக்கு மின்னும், பக்கவாட்டிலிருந்து 'ஸ்டாப்' என்று ஒரு பலகை நீளும், இரண்டு பக்கமும் கார்கள் அசையாமல் நிற்கும். பிள்ளைகள் பாடிக்கொண்டே பஸ்ஸுக்கு முன்னால் கடந்து போவார்கள். அது அமெரிக்கா. அங்கே அப்படி நிற்காமல் தாண்டிப் போனால் குற்றம். இங்கே பள்ளி பஸ் நின்றால், முந்திப் போக வழி கிடைத்தது என்று பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துக்கொண்டு வலப்பக்கம் ஏறுகிறான். அவன் போகிற அதே இடத்தில்தான், பஸ்ஸின் மறைவிலிருந்து பிள்ளை வெளியே வரும்.

இன்னொரு கோளாறு யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பாட்டில் முதலில் இடப்பக்கம் பார், பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று வந்தது. அவர்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும். அதனால் ஓரத்தில் நிற்பவருக்கு முதலில் இடப்பக்கமிருந்துதான் வண்டி வரும். நமக்கு நேர்மாறு. இங்கே ஓரத்தை விட்டுக் காலை வைத்ததும் வலப்பக்கமிருந்துதான் வரும்.

கிணத்துக்கடவு பக்கம் ஒரு நிறுத்தத்தில் யு.கே.ஜி. பிள்ளை ஒன்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே கவனமாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. வலப்பக்கம் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. பாட்டி பிடித்திருந்த பிடி சரியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "அண்ணா, குழந்தைங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது? ரைம்ஸ்தானே" என்றார். புரியாதுதான் மிஸ், ஆனால் கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறதே என்றேன். அதற்குப் பதில் இல்லை. டிரைவர் சொன்னால் பாடத்திட்டம் மாறுமா?

வழி கண்டுபிடித்தது எங்கள் ஆயாம்மா. வலது, இடது என்றால் கே.ஜி. பிள்ளைகளில் பாதிக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். "கண்ணு, சோத்தாங்கைப் பக்கம் பாரு, பீச்சாங்கைப் பக்கம் பாரு, மறுக்கா சோத்தாங்கைப் பக்கம் பாரு" என்று பஸ்ஸுக்குள்ளேயே பாட்டாக்கிவிட்டார். பிள்ளைகள் ஊர்வரைக்கும் கத்திக்கொண்டு வருவார்கள். ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பீச்சாங்கை என்று பேசிக்கொண்டு வருகிறாள் என்று ஒரு அம்மா புகார் செய்தார். அதன் பிறகு 'சாப்பிடுற கை, அந்தக் கை, சாப்பிடுற கை' என்று மாறியது. உங்கள் பிள்ளை இடக்கைப் பழக்கமுள்ளது என்றால் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, கயிற்றுப் பக்கம் முதலில் என்று பழக்குங்கள். ஒருவழிப் பாதையானாலும், நடுவில் தடுப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

ஆனால் அந்த வீடியோவைவிட எனக்கு அதிகம் பயம் தந்தவர்கள் எதிர்ச்சாரியில் நின்று கையை ஆட்டும் அம்மாக்களும் தாத்தாக்களும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவைப் பார்த்துவிட்டால் பிள்ளைக்குச் சாலை என்ற ஒன்றே கண்ணில் படாது. பஸ் கதவு இடப்பக்கம்தான் இருக்கும், கூட்டிப்போக வருகிறவர் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். வீடு எதிர்ப்பக்கம் என்றால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நில்லுங்கள். பஸ்ஸுக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். பஸ் கிளம்பிப் போய் இரண்டு பக்கமும் சாலை நன்றாகத் தெரிந்த பிறகு கடக்கலாம்.

ஒரு தாத்தா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "இவ்வளவு உசரத்துல உக்காந்திருக்கீங்க, முன்னாடி நிக்கிற பிள்ளை தெரியாதாக்கும்?" என்பார். வண்டியை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை அவர் கையிலேயே கொடுத்து என் சீட்டில் உட்காரவைத்தேன். ஆயாம்மா பேரனையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பம்பரை ஒட்டி நின்றார்.

"எங்கப்பா பசங்க?"

"முன்னாடிதான் நிக்கிறாங்கய்யா."

எட்டி எட்டிப் பார்த்தார். ஆயாம்மாவின் கொண்டைதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம், "தாத்தாவுக்குத் தெரியல, தாத்தாவுக்குத் தெரியல" என்று. அதற்குப் பிறகு அவர் பஸ் வருவதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தார்.

முடிந்தால் உங்கள் பள்ளி டிரைவரிடம் கேட்டு, நிறுத்திய வண்டியில் பிள்ளையை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து நீங்கள் முன்னால் குந்தி உட்காருங்கள். 'மாமாவுக்கு நான் தெரியமாட்டேன்' என்பதை நூறு தடவை வாயால் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான்: டிரைவர் மாமா முகம் உனக்குத் தெரியவில்லையா? அப்படியென்றால் நீயும் அவருக்குத் தெரியமாட்டாய், உடனே தள்ளிப் போய்விடு.

அடுத்தது தண்ணீர் பாட்டில். இறங்கும்போது கைதவறி விழும், உருண்டு வண்டிக்கு அடியில் போகும், பிள்ளை குனியும். கண்ணாடியில் பார்க்கிற எனக்கு, இறங்கிய பிள்ளை போய்விட்டது என்றுதான் தோன்றும். "எது விழுந்தாலும் எடுக்காதே, ஆயாம்மாவைக் கூப்பிடு" என்று சொல்லிக்கொடுங்கள். ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒன்றை விட வேண்டும். போன வாரம் டிபன் பாக்ஸைத் தொலைத்ததற்கு முதுகில் இரண்டு வைத்திருந்தால், பிள்ளை பஸ்ஸுக்கு அடியிலும் போய் எடுத்துக்கொண்டுதான் வரும். பாட்டில் போனால் திட்டமாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள்.

தூங்கிப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஓட்டம் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து பார்ப்பது எங்கள் கடமை. அதையும் மீறி, பூட்டிய பஸ்ஸில் விழித்துக்கொண்டால் டிரைவர் சீட்டுக்குப் போய் ஹார்னை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று பழக்கலாம். நான் ஓட்டிய வண்டியில் சாவி இல்லாமலே ஹார்ன் அடிக்கும். உங்கள் பள்ளி வண்டியில் அடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. ஆய்வு நடக்கும். அவசரக் கதவு, படிக்கட்டு, தீயணைப்புக் கருவி, கேமரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த மே மாதம் டிரைவருக்கும் ஆயாம்மாவுக்கும் சம்பளம் உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் பஸ் கட்டணத்தை வருடத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், எங்களுக்கு லீவு மாதம் சம்பளம் கிடையாது. கொரோனாவில் மொத்தமாகவே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்த ஆயாம்மா மில் வேலைக்குப் போய்விட்டார். பிறகு வந்தவருக்குப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவுதான். சேர்க்கைக்குப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள், ஆயாம்மா எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும் கேட்டால் தேவலை.

இன்னும் பள்ளி திறக்கவில்லை என்றால் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று இப்போதே விசாரியுங்கள். எதிர்ப்பக்கம் என்றால், திரும்பி வரும்போது வீட்டுப் பக்கம் இறக்கிவிட முடியுமா என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஓட்டப் பாதையை ஜூனுக்கு முன்னால்தான் மாற்றுவார்கள், பள்ளி திறந்துவிட்டால் அசைய மாட்டார்கள். சாயங்கால வேளையில் பையை மாட்டிவிட்டு அந்த நிறுத்தம் வரை பிள்ளையை நடத்திக் கூட்டிப்போய் வாருங்கள். அடையாள அட்டைக் கயிறு கதவுக் கைப்பிடியில் மாட்டும் சாமான். இழுத்தால் கழன்றுகொள்ளும் கிளிப் வைத்ததாக வாங்குங்கள். பள்ளியில் தருகிற கயிறு அப்படி இல்லையென்றால், இறங்குவதற்கு முன்பே அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லி ஆயாம்மாவிடம் சொல்லிவையுங்கள்.