வாக்கு இல்லாத இருக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சக்கர நாற்காலியில் இயங்கும் என் தங்கையை எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு நியமன உறுப்பினராக்கியிருக்கிறார்கள். மன்றக் கூடம் மாடியில் இருப்பதால், முதல் கூட்டத்தன்று இரண்டு பணியாளர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். தீர்மானங்களில் வாக்களிக்கும் உரிமையும் இல்லை என்கிறார்கள். பேருக்காக மட்டும் கொடுக்கப்பட்ட பதவியா இது?
(ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: தங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் கனத்துப்போனது. தூக்கிச் சென்றவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனாலும், மன்றத்தின் உறுப்பினர் ஒருவர் அடுத்தவர் கைகளை நம்பித்தான் தம் இருக்கைக்குப் போய்ச் சேர முடியும் என்ற நிலையை ஒரு கூட்டத்துக்குக்கூட ஏற்றுக்கொள்ளக் கூடாது.

முதலில் வாக்குரிமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழி செய்தவை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தங்கள். நியமன உறுப்பினருக்கு வாக்கு இல்லை என்பதன் வேர் அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவில் இருக்கிறது. நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களை நியமிக்க இடம் கொடுக்கும் அந்தப் பிரிவே, அவர்கள் மன்றக் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்றும் சொல்கிறது. இது ஒரு குறைதான், மாற வேண்டியதுதான் என்பது என் கருத்து. இருந்தாலும், பேரூராட்சிக் கூட்டங்களில் பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கே போவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். கூட்டத்துக்கு முன்பு வரும் பொருள் நிரலை யார் ஊன்றிப் படிக்கிறார்கள், மதிப்பீட்டைப் பார்த்து யார் கேள்வி கேட்கிறார்கள், அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறதா என்பவற்றில்தான் பல காரியங்கள் முடிவாகின்றன. இவை எவற்றுக்கும் வாக்கு தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் மூன்று படிகளும், பக்கத்தில் ஒரு சாய்தளமும் இருந்தன. படி ஒன்றுக்கு 15 செ.மீ. வீதம் மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட அளவு உயரம் 1-க்கு நீளம் 12 என்பதால், அது குறைந்தது 5.4 மீட்டர் நீளம் இருந்திருக்க வேண்டும். அங்கே இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் பாதி தூரம் ஏறியதும் சக்கரம் பின்னோக்கி உருள, அவருடைய மகள் முழங்காலை முட்டுக்கொடுத்து நிறுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தால், கதவடியில் நிலைப்படி தடுத்தது. அதைக் கட்டியவர்கள் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள். வரைபடம் மேசையில் விரிக்கப்பட்டிருந்தபோது, நாற்காலியில் வரும் ஒருவர் அந்த மேசையருகே இல்லை, அவ்வளவுதான். தங்கள் தங்கைக்குக் கிடைத்திருப்பது அந்த மேசையருகே ஓர் இடம்.

சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 45-ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன, கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் வசதிக்கான அளவுகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை ஒன்றிய அரசு மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

ஆகவே, அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்தக் கோரி, பேரூராட்சித் தலைவருக்கும் செயல் அலுவலருக்கும் தங்கை இன்றே கடிதம் எழுதட்டும். நாற்காலிகளையும் மேசையையும் கீழே இறக்கிப் போடுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பார்வையற்றவன். வீட்டுமனை கேட்டுத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தும், ‘மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. இதற்கு மேல் யாரிடம் போவது?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். அரசின் நில, வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முன்பு கொடுத்த மூன்று மனுக்களின் எண்ணையும் தேதியையும், அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அலுவலர்களுக்கு அழைப்பாணை அனுப்பவும் கோப்புகளை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கும் உண்டு. அவர் தருவது தீர்ப்பன்று, பரிந்துரைதான் என்பது உண்மை. ஆனால், பரிந்துரையைப் பெற்ற அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் தெரிவித்தாக வேண்டும், ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தையும் அதே கெடுவுக்குள் ஆணையருக்குச் சொல்லி, தங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது 81-ஆவது பிரிவு. ஒற்றை வரிப் பதிலால் களைத்துப்போன ஒருவருக்கு, காரணம் எழுதப்பட்ட ஒரு தாள் பெரிய ஆயுதம்; நீதிமன்றம் வரை அதைக் கொண்டுபோகலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நலத்துறையின் அதிகாரி ஒருவரிடமே ஆணையர் பதவியையும் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்து வந்திருக்கிறது. திட்டத்தை நடத்துகிறவரே அதன் மீதான புகாரையும் விசாரிப்பது முறையன்று. ஆணையர் பதவி முழுநேரப் பதவியாகவும் தனித்து இயங்குவதாகவும் இருக்க வேண்டும் என்று நாம் அனைவரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். ‘இவருக்கு என்ன தெரியும்?’ என்று அவன் எதிரிலேயே கேட்டது எனக்குத் தாங்கவில்லை. சான்றுக்கு நீதிமன்றம் போக வேண்டுமா?
(ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: வேண்டாம், அம்மா. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். தங்கள் மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். நியமனம் ஆனபின், மகன் பெயரில் உள்ள சொத்துகளின் பட்டியலை ஆறு மாதங்களுக்குள்ளும், ஆண்டுக் கணக்கை ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள்ளும் தாங்கள் ஒப்படைக்க வேண்டியிருக்கும். தாயிடமே கணக்குக் கேட்கிறார்களே என்று வருந்த வேண்டாம். பிள்ளையின் பணத்தைப் பிறர் எடுத்துவிடாமல் காப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

மூவர் கொண்ட அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதையும் குழு ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். எனவே, விசாரணைக்கு மகனையும் கூட்டிச் செல்லுங்கள். தானாகக் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவானா, கையெழுத்துப் போடுவானா, தனக்குப் பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லத் தெரியுமா என்பவற்றை அவனிடமே கேட்கச் சொல்லுங்கள்.